பாவ் பெட்டியில் தெரிந்த ஆட்டம்

ஆ சோங்கின் காப்பிக் கடையில் ஜோலியஸுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அது டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கும். அதில் யாரும் அவன் பெயரை எழுதி வைக்கவில்லை. ஆனால் ஆட்டம் ஓடும் நாளில் அவன் உள்ளே நுழைந்தால், தம்புனான் சந்தைத் தெருவில் யாராக இருந்தாலும் அந்த நாற்காலியைத்தான் அவனுக்கு இழுத்துப் போடுவார்கள்.

ஜோலியஸ் எந்த அணியை ஆசையாக டிவியில் பார்க்கிறானோ அது தோற்கும். அவ்வளவுதான் விஷயம். பூப்பந்து இறுதியாட்டத்தில் ஜெயிக்க ஒரே ஒரு புள்ளி பாக்கி இருந்தபோது அவன் கடைக்குள் வந்தான், மலேசியா தோற்றது. தன் மாநிலமான சபாவின் ஆண்கள் கால்பந்து அணிக்காகக் கொடியெல்லாம் வாங்கினான். அந்த வருடம் முழுக்கக் கொடிக்கு வேலையே இல்லை. பாட்டுப் போட்டியில் பக்கத்து ஊர்ப் பெண் பாடியபோது அவன் பார்த்தான். மூன்றாவது வரியில் பாட்டு மறந்து போனது. போன மாநிலத் தேர்தலில் வாக்கு எண்ணுவதைப் பார்க்க உட்கார்ந்தான். அதுவரை முன்னால் இருந்த அவனுடைய வேட்பாளர், அவன் காப்பியைக் கலக்கி முடிப்பதற்குள் பின்னால் போய்விட்டார்.

ஜோலியஸ் தண்ணீர்க் குழாய் பொருத்துகிறவன். எங்காவது கசிந்தால், மேலிருந்து கீழே ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்து இடத்தைக் கண்டுபிடிப்பான். தன் ராசியையும் அப்படித்தான் தொட்டுப் பார்த்தான். சட்டை மாற்றிப் பார்த்தான். காப்பிக்குப் பதில் தேநீர் குடித்துப் பார்த்தான். கசிவு கண்ணில்தான் இருந்தது. இதெல்லாம் மடத்தனம் என்று காலையில் தோன்றும்; ஆட்டம் ஆரம்பிக்கும் நேரத்தில் அப்படித் தோன்றாது.

இன்றைக்குச் சிக்கல் வேறு. மாநிலங்களுக்கிடையிலான பெண்கள் கால்பந்து இறுதியாட்டம். கோலாலம்பூரில் சபாவும் சரவாக்கும் மோதுகின்றன. சபாவின் கோல் காப்பவள் லிட்வினா, ஜோலியஸின் மனைவி.

காலையில் அவள் போன் செய்தாள்.

"ஜோ, இன்னிக்கு நீ பாக்கணும்."

"பாக்கறேன்னு சொல்லிட்டேன்ல."

"அரையிறுதிக்கும் அப்படித்தான் சொன்ன. கேட்டா கேஸ் தீந்து போச்சு, வாங்கப் போனேன்னு சொன்ன. நம்ம வீட்ல எப்பவும் ஆட்டம் ஆரம்பிக்கிறப்பதான் கேஸ் தீருது."

"நீ ஜெயிச்சியா இல்லையா?"

"ஜெயிச்சேன். ஆனா யார்கிட்ட போய்ச் சொல்றது? எல்லா வீட்லயும் புருஷன், பிள்ளைன்னு பாத்துட்டு பேசறாங்க. நீ மட்டும் ஸ்கோரைக் கேக்குற. இன்னிக்கு ஆட்டம் முடிஞ்சதும் கேள்வி கேப்பேன். பதில் தெரியலைன்னா அடுத்த ஆட்டத்துக்கு வீட்டு வாசல்ல நீ கோல் காக்கலாம், உள்ளேயிருந்து நான் சாவி போட்டுக்குவேன்."

அவள் சிரித்துக்கொண்டேதான் வைத்தாள். ஆனால் சிரிப்புக்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம் இருந்தது. ஜோலியஸுக்கு அது கேட்டுவிட்டது. பார்த்தால் அவள் தோற்பாள். பார்க்காவிட்டால் ஜெயித்தும் அவளுக்குச் சந்தோஷம் இருக்காது. வீட்டு டிவியோ போன மாத இடியில் போய்விட்டது. கைபேசியில் படம் சுற்றிக்கொண்டே இருக்கும், வராது. ஆ சோங் கடையைத் தவிர வழியில்லை.

கடையில் எதிர்பார்த்த வரவேற்பு கிடைத்தது.

"மாப்ள, நீ இங்க எதுக்கு வந்த?" என்றாள் ஜஸ்டினா. அவள் லிட்வினாவின் சித்தி. சந்தையில் பம்பாங்கான் என்ற காட்டு மாங்காயில் ஊறுகாய் போட்டு விற்கிறவள். "போய் ஆத்துல மீன் பிடி. நான் வந்து கதை சொல்றேன்."

"அவ பாக்கச் சொல்லியிருக்கா சித்தி. கேள்வி கேப்பாளாம்."

"பொண்டாட்டி மேல பாசம் இருந்தா பாக்க மாட்ட, பாஸ்," என்றார் கைபின். நெல் அரவை ஆலைக்காரர். மாநிலத்தில் எந்த ஆட்சி வந்தாலும் எதிர்க்கட்சிக்காரர். "மாநில மானம்னு ஒண்ணு இருக்குல்ல."

ஜஸ்டினா நேர் எதிர். எந்தக் கட்சி ஆண்டாலும் ஆளும் கட்சிக்காரி. சாலை போடுகிறவன் கையில் மண்வெட்டி இருக்கும்வரை அவனைத் திட்டக்கூடாது என்பது அவள் கொள்கை. இந்த இரண்டு பேரும் ஒரே விஷயத்தில் ஒன்றுசேர்ந்தது ஜோலியஸின் கண் விஷயத்தில் மட்டும்தான்.

தீர்வு சொன்னவர் ஆ சோங். தவுக்கே, அதாவது கடை முதலாளி, அதிகம் பேசமாட்டார். ஜோலியஸின் நாற்காலிக்கு எதிரே, பாவ் என்கிற சீன ரொட்டியை ஆவியில் வேகவைக்கும் கண்ணாடிப் பெட்டி நின்றது. அதன் மேல் தட்டு காலியாகி இருட்டாக இருந்தது. அந்தக் கண்ணாடியில் டிவி பளிச்சென்று தெரிந்தது.

"இதப் பாரு," என்றார். "முதுகு டிவிக்கு. கண்ணு பெட்டிக்கு. நீ டிவி பாக்கல. பாவ் பாக்கற."

கடை சட்டமன்றமாகிவிட்டது. நிழலைப் பார்த்தால் பார்த்த கணக்கில் சேருமா? சேராது என்றாள் ஜஸ்டினா. முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரியும் சோற்றைத் தின்ன முடியுமா என்று கேட்டாள். சேரலாம் என்றார் கைபின். ஆனால் பாதி சேரும். ஒரு கோல் வாங்கினால் ஜோலியஸ் எழுந்து போய்விட வேண்டும் என்ற நிபந்தனையோடு தீர்மானம் நிறைவேறியது.

ஆட்டம் ஆரம்பித்தது. கண்ணாடியில் லிட்வினா கட்டைவிரல் உயரத்தில் நின்றாள். மஞ்சள் கையுறை. கேள்விக்கு உதவும் என்று ஜோலியஸ் மனதில் குறித்துக்கொண்டான்.

பெரிய தொல்லை பாவ்தான். யாராவது ஒருவர் பாவ் கேட்பார். ஆ சோங் கீழ்க் கதவைத் திறப்பார். ஆவி மேலே கிளம்பி மைதானம் முழுக்கப் பனி மூடிவிடும்.

"கொஞ்ச நேரம் யாரும் சாப்பிடாதீங்க," என்று ஜோலியஸ் கெஞ்சினான்.

"உன் கண்ணுக்காக நான் பட்டினியா?" என்றார் கைபின். இருந்தும் கேட்ட பாவைத் திருப்பி வைக்கச் சொன்னார். ஆ சோங் பெருமூச்சு விட்டு அடுப்பையே அணைத்தார்.

நேராகப் பார்க்காததால் மனம் அலைந்தது. ஜோலியஸுக்கு டிவியில் விளம்பரங்கள் மேல் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. சமையல் எண்ணெய் விளம்பரத்தில் வரும் அம்மா ஏன் வேர்ப்பதே இல்லை? வர்ணனையாளர் ஏன் பந்து இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, பார்க்க வந்திருக்கும் அமைச்சரைப் பற்றியே பேசுகிறார்? அமைச்சர் போன கிறிஸ்துமஸுக்கு வேறு கட்சியில் இருந்தார். அதற்கு முந்தைய அறுவடை விழாவுக்கு இன்னொரு கட்சியில். சபாவில் இப்படிக் கட்சி மாறுகிறவர்களைத் தவளைகள் என்பார்கள். மழைக்காலம் பார்க்காமல் தாவும் தவளைகள். அந்த வகையில் கால்பந்து எவ்வளவோ மேல் என்று தோன்றியது. பாதி ஆட்டத்தில் யாரும் சட்டையை மாற்றிக்கொண்டு தன் கோலுக்கே பந்தை உதைப்பதில்லை. உதைத்தாலும் மறுநாள் மாலை போட்டு வரவேற்பதில்லை.

சரவாக் ஒரு கோல் போட்டது. கடை மொத்தமும் ஜோலியஸைப் பார்த்தது. அவன் எழுந்தான். கதவுவரை போவதற்குள் சபா பதில் கோல் போட்டது.

"உக்காரு, உக்காரு," என்றாள் ஜஸ்டினா. "நீ எழுந்ததால வந்ததா, உக்காந்திருந்ததால வந்ததான்னு அப்புறம் பாத்துக்கலாம்."

ஒன்றுக்கு ஒன்று. கண்ணாடியிலும் ஒன்றுக்கு ஒன்றுதான் தெரிந்தது. கூடுதல் நேரத்திலும் அது மாறவில்லை. பெனால்டிக்கு வந்தது.

இப்போது கேமரா உதைப்பவளின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. லிட்வினா நேராக ஜோலியஸைப் பார்த்து நிற்பதுபோல இருந்தது. கடையில் கரண்டிச் சத்தம்கூட இல்லை. இரண்டு பக்கமும் மூன்று மூன்று உதைத்து எல்லாம் உள்ளே போயின. நாலாவதுக்குச் சரவாக் பெண் ஓடி வந்தாள். லிட்வினா பாய்ந்தாள். மஞ்சள் கையுறையில் பட்டுப் பந்து வெளியே தெறித்தது. கடை எழுந்து நின்று கத்தியது. கைபின் ஜஸ்டினாவைக் கட்டிப்பிடித்து, பிறகு யாரைப் பிடித்திருக்கிறோம் என்று தெரிந்து விட்டுவிட்டார்.

ஜோலியஸ் மட்டும் உட்கார்ந்தே இருந்தான். கேள்வி இதிலிருந்துதான் வரும். கண்ணாடியில் அவள் பாய்ந்தது வலது பக்கம். ஆனால் அவள் இவனைப் பார்த்து நின்றாள். ஆகவே அவளுக்கு அது இடது. இடது, இடது என்று இரண்டு முறை சொல்லிக்கொண்டான். அவசரப்படாமல் யோசித்ததில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

சபா தன் நாலாவதையும் ஐந்தாவதையும் உள்ளே அடித்தால் முடிந்தது. நாலாவது உள்ளே போனது. ஐந்தாவதுக்கு முன்னால் சரவாக்கின் கடைசி உதை. இதைத் தடுத்துவிட்டால் கோப்பை. சரவாக் பெண் பந்தைக் குனிந்து வைத்தாள். லிட்வினா கைகளை விரித்தாள்.

படம் மாறியது.

ஒரு நீல மேசை. நிறைய மைக். வரிசையாகப் பட்டுச் சட்டை போட்ட ஐந்து பேர். கீழே, முக்கியச் செய்தி, மாநிலத் தலைநகர் கோத்தா கினபாலுவிலிருந்து நேரலை.

 கடை முழுக்க ஒரே நேரத்தில் பேசியது. ஆ சோங் ரிமோட்டை எல்லாப் பக்கமும் அமுக்கினார். வேறு சேனலில் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆட்சி கவுறப் போகுது," என்றார் கைபின். அவர் குரலில் கோபமும் குஷியும் கலந்து எது எதென்று தெரியவில்லை. "அஞ்சு பேர் தாவிட்டாங்க. அஞ்சு போதும்."

ஜஸ்டினா மெதுவாக ஜோலியஸ் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"மாப்ள. திரும்பு."

"சித்தி?"

"டிவி பக்கம் திரும்பி உக்காரு. இவனுங்கள நல்லாப் பாரு. ஆசையாப் பாரு. உன் சொந்த அண்ணன் தம்பின்னு நெனச்சுக்கோ."

"இது அநியாயம்," என்றார் கைபின், தொப்பியைக் கழற்றி ஜோலியஸின் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு. "இது ஜனநாயகம். இதுல ராசியெல்லாம் கொண்டு வரக் கூடாது பாஸ்."

ஜஸ்டினா தொப்பியைத் தட்டிவிட்டாள். ஜோலியஸ் திரும்பினான். அரசியலுக்காக இல்லை. ஆட்டம் திரும்பி வந்தால் நேராகவே பார்த்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டான். தோற்றால் தோற்கட்டும், அவள் கேட்டதைச் செய்ததாகவாவது இருக்கும். அதுவரை எதிரே இருந்த ஐந்து பேரைப் பார்த்தான்.

நடுவில் இருந்தவர் மக்கள் நலனுக்காக என்று ஆரம்பித்தார். மூன்றாவது வாக்கியத்தில் ஓரத்தில் இருந்த குட்டையான மனிதர் எழுந்தார். மைக் அவர் கழுத்து உயரத்துக்கு எட்டவில்லை. இருந்தும் எல்லோருக்கும் கேட்டது. "என்னை மத்தியானச் சாப்பாட்டுக்குன்னுதான் கூப்பிட்டாங்க. கட்சி மாறணும்னு யாரும் சொல்லல. நான் வரேன்." அவர் போனார். பக்கத்தில் இருந்தவர் அவர் சட்டை நுனியைப் பிடித்தார், பட்டு வழுக்கிவிட்டது.

நான்கு பேர் மிஞ்சினார்கள். நான்கு போதாது.

கடை இடிந்து விழுவதுபோலச் சிரித்தது. ஜஸ்டினா ஜோலியஸின் தலையை இரண்டு கையாலும் பிடித்து உச்சியில் முத்தமிட்டாள். கைபின் தொப்பியை மேசையில் வைத்துவிட்டு, "தவுக்கே, இப்பவாவது எனக்கு ஒரு பாவ்," என்றார்.

அப்போதுதான் திரையின் அடியில் எழுத்துகள் ஓடின. பெண்கள் கால்பந்து: பெனால்டியில் சபா சாம்பியன்.

போன் வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஜோலியஸ் வெளியே சைக்கிள்கள் பக்கம் போய் எடுத்தான். பின்னால் ஒரே பாட்டும் தகர டப்பா தட்டுவதுமாக இருந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன். மஞ்சள் கையுறை."

"அது போஸ்டர்லயே இருக்கு. நாலாவது பந்துக்கு எந்தப் பக்கம் பாய்ஞ்சேன்?"

"இடது பக்கம்," என்றான் ஜோலியஸ், தயாராக இருந்த மாணவன் மாதிரி.

பாட்டுச் சத்தம் தூரமாகப் போனது. அவள் எங்கோ ஓரமாக வந்து நின்றிருக்க வேண்டும்.

"வலது பக்கம், ஜோ," என்றாள். குரல் சின்னதாகிவிட்டது. "பாக்கலைன்னா பாக்கலைன்னு சொல்லியிருக்கலாம்."

ஜோலியஸ் மனதுக்குள் ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுப் பார்த்தான். அவள் எதிரே நின்றாள், அதைத் திருப்பியாயிற்று. வேறு எங்கே கசிகிறது? கடைக்குள் திரும்பிப் பார்த்தான். ஆ சோங் அடுப்பை மறுபடி மூட்டியிருந்தார். கண்ணாடிப் பெட்டி ஆவி படிந்து வெளுத்திருந்தது.

"பாவ் பெட்டி," என்றான்.

"என்னது?"

"நான் பாவ் பெட்டிக் கண்ணாடியில பாத்தேன். டிவிக்கு முதுகு. கண்ணாடியில எல்லாம் மாறித்தானே தெரியும். நீ எதிர்ல நிக்கறேன்னு ஒரு தடவை திருப்பினேன், கண்ணாடிக்கு ஒரு தடவை திருப்ப மறந்துட்டேன். சித்திகிட்ட கேளு. கைபின் ஒரு பாவ்கூடத் தின்னல."

  அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

"இத யாரும் பொய்யா யோசிச்சுச் சொல்ல முடியாது," என்றாள். "சரி, கடைசிப் பந்து?"

"அத நான் பாக்கல. யாருமே பாக்கல. தவளை வந்துடுச்சு." அவன் நடந்ததைச் சொன்னான்.

"நல்லதாப் போச்சு. அதுக்கு நான் சுத்தமா தப்பான பக்கம் பாய்ஞ்சேன். அவ கம்பத்துல அடிச்சுட்டா. அத ஊரே பாக்காததுக்கு அந்த சாப்பாட்டு மனுஷனுக்கு நான் ஒரு கோழி குடுக்கணும்." சிரிப்பு அடங்கியதும், "ஜோ, அடுத்த தடவை நேரா பாரு. தோத்தா நான் தோத்துக்கறேன். அது என் வேலை," என்றாள்.

பாதியில் வெட்டியதற்கு நிறையப் பேர் போன் செய்து திட்டியிருக்க வேண்டும். அன்று மாலையே ஆட்டத்தை முழுதாக மறுஒளிபரப்புவதாக டிவியில் சொன்னார்கள். ஜோலியஸ் தன் நாற்காலியைத் தூக்கி, திருப்பி, டிவிக்கு நேர் எதிரே முதல் வரிசையில் போட்டான்.

"முடிஞ்சு போன ஆட்டம்தான்," என்றார் கைபின், பாவை மென்றுகொண்டே. "ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாது," என்றாள் ஜஸ்டினா. ஆனால் அவள் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள்.

பெனால்டி வந்தது. நாலாவது பந்தைச் சரவாக் பெண் குனிந்து வைத்தாள். கைபினால் முடியவில்லை. பின்னாலிருந்து ஜோலியஸின் காதருகே குனிந்தார்.

"ஒரு கண்ணை மட்டும் மூடிக்கோ பாஸ். எதுக்கு வம்பு."

ஜோலியஸ் மூடவில்லை. லிட்வினா திரையின் இடது பக்கம் பாய்ந்தாள். அவளுக்கு வலது.