கூரைக்குக் கீழே ஒரு பேரரசு

பூதியின் வயலுக்கு அரண்மனை வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மற்ற ஊர்களுக்கு முன்னமே வந்துவிட்டது. பேரரசு பெருகப் பெருக அரண்மனையும் வளர்ந்தது. இப்போது வரப்போரம் தூண்கள் நின்றன. பயிருக்கு மேலே கூரை.

"இனிமே இது விருந்து மண்டபம்," என்றார் அதிகாரி. "உழுதுக்கலாம். சத்தம் கூடாது."

"மழை?"

"கூரைமேல பெய்யும்."

அப்படியே பெய்தது. பயிர் வெளுத்தது. கூரையில் ஓர் ஓட்டை கேட்கலாம் என்று, பூதி கொஞ்சம் அவலை முடிந்துகொண்டு அரசனைப் பார்க்கக் கிளம்பினாள்.

வழியெல்லாம் தாழ்வாரம். ஓர் அறையில் அவள் பிறந்த ஊர் இருந்தது. கதவைச் சாத்தியிருந்தார்கள். கம்பளத்துக்கு அடியில் ஓர் ஆறு போனது. தாண்டும்போது பாதம் நனைந்தது.

கதவுக்குக் கதவு காவல். ஒரு கதவில் அவள் தம்பி கொற்றன் நின்றான்.

"நீ எல்லையில இல்ல இருந்தே?"

"கூப்பிட்டுட்டாங்க அக்கா. உள்ள கதவு அதிகமாயிட்டுது."

"அப்ப எல்லையை யாரு பாக்கறது?"

"அது எந்த அறையில இருக்குன்னு தெரியல."

அரசன் கடைசி அறையில் தனியாக இருந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். சமையலறையில் கிளம்பும் சோறு வந்து சேர்வதற்குள் ஊசிப்போகிறதாம். பூதி அவலைப் பிரித்து வைத்தாள். மிச்சம் வைக்காமல் தின்றான்.

"கூரையில ஒரு ஓட்டை வேணும், மகாராஜா."

"கூரை ரொம்ப தூரம். என் உத்தரவு அவ்வளவு தூரம் போறதில்லை."

அப்போது பகைவர் படை உள்ளே வந்தது. காவலர்கள் கதவுகளைக் காத்தார்கள். படை கதவில்லாத பக்கமாக வந்திருந்தது. தளபதி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். கால் கொப்பளித்திருந்தது.

"இதுல நாடு எங்க இருக்கு?"

"நீங்க மிதிச்சுக்கிட்டு வந்தது அதுதான்," என்றாள் பூதி.

தளபதியின் முகம் தொங்கிப்போனது. "அப்ப எரிச்சுட்டுப் போக வேண்டியதுதான்."

"கூரையை மட்டும் எரிங்க. கீழ ஆளுங்க இருக்காங்க."

அவன் யோசித்தான். நியாயமாகப் பட்டது. எரித்துவிட்டுப் போனார்கள்.

மழை நேராகக் கீழே இறங்கியது. பூதி கொற்றனைக் கதவிலிருந்து பிரித்துக் கூட்டிக்கொண்டு நடந்தாள். அரசனும் பின்னாலேயே வந்தான். உள்ளங்கையை நீட்டிப் பார்த்தான்.

"இது யார் உத்தரவு?"

"யாரும் போடல."

வரப்பு உடைந்துவிடுமே என்று பூதி எட்டி நடைபோட்டாள்.