வெறும் தண்ணீர்

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பதினாறு தவளைகளுக்குத் தண்ணீர் மாற்றுவது என் வேலை. ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து வாளியில் விட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, மறுபடி உள்ளே விட வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, பத்து வருஷத்தில் மனிதர்கள் கொடுத்த தொல்லையில் கால்வாசிகூட அவை கொடுத்ததில்லை. போன மாதம் வந்த புது வகைதான் கொஞ்சம் முரண்டு பிடித்தது. அழுத்திப் பிடித்தால் முதுகில் பால்போல் ஏதோ கசிந்தது. அன்று சாயங்காலமே என் கைகள் சிவந்து அரித்தன.

தங்கை பார்த்துவிட்டாள். அவள், அவள் கணவர், ஏழு மாதக் குழந்தை, நான் எல்லோரும் ஒரே வீடு.

"அக்கா, கொஞ்ச நாளைக்குப் பாப்பாவைத் தூக்காதேயேன். தப்பா நினைக்காதே."

தப்பாகத்தான் நினைத்தேன். பிறந்த அன்று அந்தக் குழந்தையை முதலில் கையில் வாங்கியவள் நான். என் தோளில் போட்டால்தான் அதற்குத் தூக்கமே வரும். சீக்கிரம் குணமாக வேண்டுமே என்ற வெறியில், தொட்டி கழுவும் மருந்தை ஊற்றிக் கையைத் தேய் தேய் என்று தேய்த்தேன். மூன்றே நாளில் தோல் உரிந்தது.

தோல் டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே பார்த்தார்.

"தவளை பாவம்மா, ஒண்ணும் பண்ணலை. அது கசிஞ்சதுல லேசா அரிச்சிருக்கும். உடனே வெறும் தண்ணியில நல்லா கழுவியிருந்தா அடங்கியிருக்கும். இவ்வளவும் நீங்க ஊத்தின மருந்து பண்ணின வேலை."

"ஒட்டுமா டாக்டர்?"

"ஒட்டவே ஒட்டாது. தாராளமா யாரை வேணா தொடலாம்."

சொன்னவர், களிம்புச் சீட்டை என் கையில் தராமல் மேசைமேல் வைத்துத் தள்ளினார். 'ஒட்டாது' என்று அதிலேயே எழுதித் தரச் சொன்னேன். எழுதினார்.

தங்கையின் கணவர் சீட்டை இரண்டு முறை படித்தார். "டாக்டரே சொல்லிட்டார், சரிதான். இருந்தாலும் எதுக்கு வம்பு?" என்றார். தங்கை அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தாள். அதோடு சரி.

கையுறை போட்டு வேலை செய்தேன், களிம்பு தடவினேன். புண் ஏறக்குறைய ஆறிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை துணி காயப்போடப் போயிருந்தாள். குழந்தை கட்டிலில் தவழ்ந்து விளிம்புக்கு வந்துவிட்டது. பாய்ந்து போய் அதன் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

உள்ளே வந்த தங்கை, குழந்தை விழ இருந்ததா என்று கேட்கவில்லை. என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். தரை துடைக்கும் மருந்தின் வாடை வெளியே வந்தது.

"வெறும் தண்ணி போதும்டி! அதை ஊத்தாதே!"

கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்ததுதான் மிச்சம்.

மறுநாள் குழந்தையின் இரு கைகளும் கொப்பளித்திருந்தன. அதே டாக்டரிடம் போனோம். பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

"பெரியம்மா தவளை தொட்ட கையோட தூக்கிட்டாங்க டாக்டர்," என்றார் தங்கையின் கணவர்.

டாக்டர் இந்தத் தடவை எழுந்து வந்து, குழந்தையின் கையைத் தன் கையில் ஏந்திப் பார்த்தார். "இதுக்கும் தவளைக்கும் சம்பந்தமே இல்லை. எதை ஊத்திக் கழுவினீங்க?"

தங்கையின் கணவர் தங்கையைப் பார்த்தார். டாக்டர் குரலை உயர்த்தி மறுபடி கேட்டார். தங்கை தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

"அக்கா தொடாம இருந்திருந்தா நான் எதுக்கு டாக்டர் ஊத்தப்போறேன்?"

என் தங்கைதான் அப்படிச் சொன்னாள்.

டாக்டர் மருந்து எழுதத் தொடங்கினார். அழுது ஓய்ந்திருந்த குழந்தை அம்மாவின் தோளிலிருந்து என்னைப் பார்த்துவிட்டது. தூக்கச் சொல்லி, புண்ணான இரண்டு கைகளையும் என்னை நோக்கி நீட்டியது. நான் பையின் காதுகளை இறுகப் பிடித்துக்கொண்டேன். தூக்கவில்லை. தூக்கினால், வீட்டுக்குப் போனதும் மறுபடி கழுவுவாள்.