பச்சை கொடுத்தவள்

தகரத் தகடுகளை அழுத்திப் பாத்திரமாக்கும் ஆலையில் அவள் பாதுகாப்பு அலுவலர். தினமும் காலையில் இயந்திரங்களைச் சோதித்து, கணினியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுப்பாள். சரியாக இருந்தால் பச்சை, நிறுத்த வேண்டுமானால் சிவப்பு. அந்தக் கட்டங்கள் வாசலில் பெரிய திரையில் தெரியும். அதற்கு மேலே, விபத்தில்லாத நாட்கள்: 411.

தகடு அழுத்தும் ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் வேலை செய்தவர் அவளுடைய அக்கா வீட்டுக்காரர். அவள் சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தார். கை உள்ளே போனால் பிரஸ்ஸை நிறுத்த வேண்டிய சென்சார் அவ்வப்போது தூங்கிவிடுகிறது என்று திங்கட்கிழமை வந்து சொன்னார். அவள் ஓர் அட்டையை நீட்டிப் பார்த்தாள். மூன்று முறை பிரஸ் நின்றது. நான்காம் முறை அட்டை நசுங்கியது. சிவப்பு கொடுத்தாள்.

அரை மணி நேரத்தில் மேலாளர் கூப்பிட்டார். கத்தவில்லை, உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். வியாழக்கிழமை பாதுகாப்புத் தணிக்கை, வெள்ளிக்கிழமை புது சென்சார் வந்துவிடும், அதற்குள் ஒன்றும் குடி முழுகிப் போய்விடாது என்றார். டீ ஆறுவதற்குள் அவள் பச்சைக்கு மாற்றியிருந்தாள். மாமாவிடம் மட்டும் பார்த்து வேலை செய்யும்படி சொன்னாள்.

"நீ இருக்கும்போது எனக்கென்ன பயம்?" என்று சிரித்தார்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு அவருடைய வலது கையில் நான்கு விரல்கள் போயின.

அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிய கையோடு மேலாளர் அவளைத் தனியே அழைத்துப் போனார்.

"வீட்ல நடந்ததுன்னு போட்டுடும்மா. உங்க குடும்பத்த நாங்க அப்படியே விட்டுடுவோமா?"

அவள் தன் மேசைக்குப் போனாள். விபத்தைப் பதிந்தாள். திங்கட்கிழமை தான் கொடுத்த சிவப்பு, அதை மாற்றியது, யார் சொல்லி மாற்றினாள் என்பது எல்லாவற்றையும் எழுதினாள். திரையில் நாட்களின் எண்ணிக்கை பூஜ்யமானது.

மறுநாள் தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். தான் அப்படி எதுவும் சொல்லவே இல்லை என்றார் மேலாளர். கணினியில் பச்சைக்கு எதிரே அவள் பெயர்தான் இருந்தது. மாற்றியது நீங்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள். மாலைக்குள் ஆலை நிர்வாகத்தினர் அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

நேராக மருத்துவமனைக்குப் போனாள். வராந்தாவில் இருந்த அக்காவிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அக்கா அழவில்லை.

"இத என்னால அவர்கிட்ட சொல்ல முடியாது. உள்ள போய் நீயே சொல்லு."

சொன்னாள். கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்தபடி அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மத்த பிரஸ்ஸெல்லாம் பாத்தாங்களா?"

"இன்னும் ரெண்டுல இதே கோளாறு மாமா. மூணையும் நிறுத்திட்டாங்க."

அவர் தலையை ஆட்டினார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் வெளியே வந்தபோது அக்கா பெஞ்சில் இல்லை. வராந்தாவின் அந்தக் கோடியில், இவளுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள்.