வலை இழுக்கும் தாளம்

சுடர்விழிக்கு ஊர் ஜெகதாப்பட்டினம். அறந்தாங்கியில் கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். அனிமே எனும் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களின் ரசிகர்களுக்கான வாட்ஸ்அப் குழுவில் அவளும் புதுக்கோட்டை கோபிநாத்தும்தான் ஓயாமல் மல்லுக்கு நிற்பவர்கள். அவன் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவன். யூடியூப் சேனலும் வைத்திருந்தான்.

அந்த மாதம் சண்டை ஒரு புதிய தொடரைப் பற்றி. கடல் தாண்டி அயல்நாடு போனால் மரண தண்டனை என்றிருந்த பழைய ஜப்பானில் ஒரு மீனவக் குடும்பத்தின் கதை அது. தொடக்கப் பாடலின் தாளம் கோயில் முரசிலிருந்து வந்தது என்றான் கோபிநாத். இல்லை, அது சேர்ந்து வலை இழுப்பவர்களின் மூச்சு என்றாள் சுடர்விழி. அதைக் காட்டுவதற்காக, அண்ணன் செம்மல் கரையில் வலையைச் சிக்கெடுத்தபடி பாடியதை அவனுக்குத் தெரியாமல் பதிவு செய்து குழுவில் போட்டாள்.

"தோத்துட்டேன் சுடர். அதே தாளம்தாங்க," என்று கோபிநாத் எழுதினான். அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பத்து நாளில் செம்மலும் இன்னும் மூன்று பேரும் எல்லை தாண்டியதாகக் கைதானார்கள். அம்மா அமராவதி மனுவும் கையுமாகக் கலெக்டர் ஆபீஸுக்கு அலைந்தாள். நான்காம் நாள் கோபிநாத்தின் வீடியோ வந்தது. 'அனிமே சொன்ன கதை, சிறையில் இருக்கும் நம்ம மீனவர் குரலில்' என்று தலைப்பு. குழுவில் வந்த செம்மலின் பாட்டை ஓடவிட்டு, தொடரின் நாயகனுக்குப் பக்கத்தில் அவனை விலங்கு மாட்டி வரைந்திருந்தான். 'புல்லரிக்குது' என்று கீழே நூற்றுக்கணக்கானவர்கள் எழுதியிருந்தார்கள்.

சுடர்விழி உடனே போன் செய்தாள்.

"கோபி ப்ரோ, அத எடுத்துருங்க. எங்கம்மா பாத்தா தாங்க மாட்டாங்க."

"ஏங்க, அம்பதாயிரம் பேரு பாத்துட்டாங்க. ஒங்க அண்ணனப் பத்தி நாலு பேருக்குத் தெரிஞ்சா நல்லதுதான? பாட்ட குரூப்புல போட்டதே நீங்கதான?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

குழுவில் எழுதிப் பார்த்தாள். 'இங்கே அரசியல் வேண்டாம், அனிமே மட்டும் பேசுவோம்' என்று ஒருவர் பதில் போட்டார். பதினேழு பேர் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தினார்கள்.

ஏழு வாரம் கழித்துச் செம்மல் வந்தான். பறிமுதலான படகு வரவில்லை. துறைமுகத்தில் ஐஸ் ஏற்றுபவர்கள் அந்த வீடியோவை அவனிடம் காட்டி, "வெலங்கு ஒனக்கு எடுப்பாத்தான்டா இருக்கு," என்று சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்தவன் உட்காரக்கூட இல்லை.

"அது செத்துப்போன அப்பா பாடுன பாட்டு. ஊரு கேட்டு ரசிக்கவா பாடுனேன்? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கொரலு நல்லா இருந்துச்சுண்ணே…" என்றாள். சொன்ன மாத்திரத்தில் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அடுத்த வாரம் அவன் கேரளத்துப் படகுகளுக்கு வேலைக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவிடம் பேசுகிறான். "இந்தா, சுடர்கிட்ட பேசு," என்று அமராவதி போனை நீட்டுவாள். சுடர்விழி வாங்கிக் காதில் வைப்பதற்குள் மறுமுனையில் அவன் துண்டித்திருப்பான்.