ராஜாவுக்கு முளைத்த கொம்பு

இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு யாராவது "ராஜா!" என்று ஒரு சத்தம் போட்டுப் பார்க்கட்டும். எத்தனை தலை திரும்புகிறது என்று பார்த்து அவருக்கே சிரிப்பு வந்துவிடும். மில் வைத்திருக்கிற ராஜாக்கள் திரும்புவார்கள். அது அவர்களுக்குக் குலப்பெயர், பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து பெயருக்குப் பின்னால் வருவது. டீ ஆற்றுகிறவர் திரும்புவார். அது அவரைப் பெற்றவள் ஆசையாக வைத்தது. டவுன் பஸ் கண்டக்டர், படியில் தொங்குகிறவனை "உள்ள போ ராஜா" என்பார். அதில் கெஞ்சலும் இருக்கும், குத்தலும் இருக்கும். லேட்டாக வந்தவனை மேஸ்திரி "வாங்க ராஜா, இப்பத்தான் விடிஞ்சுதா?" என்று வரவேற்றால் அன்றைக்கு அவனுக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். நாய் வளர்க்கிற பாதி வீடுகளில் நாய்க்கும் அதே பெயர்தான். ஒரே சொல். யார் வாயிலிருந்து யாரைப் பார்த்து வருகிறது என்பதை வைத்துத்தான் அதற்கு மதிப்புப் போட வேண்டும்.

நூர்பானுவுக்கு அது அவளைப் பெற்ற அத்தாவின் பெயர்.

பிறந்தபோது அவருக்கு வைத்தது வெறும் முகமதுதான். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கு, உள்ளே போகமாட்டேன் என்று அழுத பிள்ளையிடம் அவருடைய அம்மா வாசலில் நின்று "அழாதத்தா ராஜா, எங்க ராஜால்ல" என்று கெஞ்சியிருக்கிறாள். வாத்தியார் அதையே முதலில் எழுதி, முகமதுவைப் பின்னால் சேர்த்துவிட்டார். ராஜா முகமது. "பெத்தவ குடுத்தது முன்னால, பெரியவுக குடுத்தது பின்னால" என்று அத்தா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த ராஜா வீட்டோடு சரி. வேங்கடபதி ராஜாவின் தறி ஷெட்டில் காஸ் துணி வெளுக்கிற வேலை அவருக்கு. காயத்துக்குக் கட்டுப் போடுகிற அந்த மெல்லிய துணிதான். ஷெட்டுக்குள் ராஜா என்றால் முதலாளி ஒருவர்தான். அவர் காதில் விழும்படி "ஏலே ராஜா, தண்ணியத் தொற" என்று எவன் வாய் துணிந்து கூப்பிடுவான்? அதனால் வாசலைத் தாண்டியதும் அத்தா 'பாய்' ஆகிவிடுவார். யாரும் போட்ட சட்டமில்லை, தானாக வந்த பழக்கம். முப்பது வருஷம் அப்படியே ஓடிப்போயிற்று. அவர் மவுத்தான அன்றைக்கு ஷெட்டுக்கு லீவு விட்டு, வாசல் போர்டில் சாக்பீஸால் எழுதினார்கள்: 'பாய் மறைவு. இன்று விடுமுறை.' நல்ல மனதோடுதான் எழுதினார்கள். ஆனால் அதைப் படித்த நூர்பானுவுக்கு வயிறு எரிந்தது. எந்தப் பாய்? ஊரில் பாய்க்கா பஞ்சம்? அத்தா பெயரை ஒருநாள் அச்சில் பார்க்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கு மனதுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள்.

எண்பத்தெட்டில், சவுதியில் லாரி ஓட்டிய வீட்டுக்காரர் அனுப்பிய பணத்தில் ஒரு சுருட்டும் மிஷின் வாங்கிப் போட்டாள். வேங்கடபதி ராஜாவின் ஷெட்டிலேயே துணி எடுத்து, வெட்டிச் சுருட்டி, அடுத்தவர்கள் தருகிற கவரில் போட்டுக் கொடுப்பாள். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் வைகாசியில்தான் சொந்த லேபிள் போட்டாள். 'ராஜா பேண்டேஜ்.'

மதுரையில் மருந்து மொத்த வியாபாரம் செய்கிற சௌந்தரபாண்டியன் போனில் கேட்டார்: "ராஜா பேண்டேஜ்னா, ராஜபாளையத்து ராஜாக்கள்தானம்மா?"

"ராஜாதாங்க" என்றாள் நூர்பானு.

அவள் சொன்னதில் பொய் இல்லை. இருந்தாலும் போனை வைத்த பிறகு காது சுட்டது. சௌந்தரபாண்டியன் பெரிய ஆர்டராகவே கொடுத்தார்.

பத்து நாள் கழித்து வேங்கடபதி ராஜாவே அவளுடைய யூனிட்டுக்கு வந்து நின்றார். எழுபதைத் தாண்டிய மனிதர். குரலை உயர்த்திப் பேசிப் பழக்கமில்லாதவர். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. வீட்டில் தெலுங்கு பேசுகிற அவருக்கு எந்தப் பெண்பிள்ளையும் அம்மாயிதான்.

"அம்மாயி, மதுரையில இருந்து சௌந்தரபாண்டியன் பேசுனான். ஒங்க சொந்தக்காரவுக பேண்டேஜ் நல்லா இருக்குங்கான். பேண்டேஜ் போடுற சொந்தம் எனக்கு எங்கடா இருக்குன்னு பாத்தா, நீ!"

"அது எங்க அத்தா பேருங்கய்யா."

"பாய் பேரா? பாய்க்கு ராஜான்னா பேரு?"

முப்பது வருஷம் சம்பளம் கொடுத்தவருக்கு அது அப்போதுதான் தெரிந்தது.

"ராஜா முகமதுங்கய்யா."

கிழவர் லேபிளை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார். "அப்ப பாதிய எங்க விட்ட? முழுசாப் போடு, எனக்கு ஒரு சொல்லும் இல்ல. வெறும் ராஜான்னு போட்டா அது எங்க பேரு. எங்கய்யா துணி மூட்டையத் தலையில சொமந்து ஊர் ஊரா வித்துச் சம்பாதிச்ச பேரு. ஒண்ணு முழுசாப் போடு, இல்ல எடுத்துரு. ரெண்டும் இல்லன்னா அடுத்த மாசம் துணிக்கு வேற ஷெட்டப் பாத்துக்க."

முழுசாகப் போட அவளுக்குத் தைரியம் வராது என்ற நம்பிக்கை அந்தப் பேச்சிலேயே இருந்தது. அவர் போன பிறகு நூர்பானுவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அவர் மேல்தான் முதலில் வந்தது. போகப் போகத் தன் மேலேயே திரும்பியது. முகமதுவை விட்டது யார்? அவள்தானே! லேபிள் சின்னது, இடம் இல்லை என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாளே! பூவும் கரையும் போட இடமிருந்த லேபிளில் நாலு எழுத்துக்கா இடமில்லை? ஷெட்டில் அத்தாவின் முன்பாதியை மறைத்தார்கள். அவள் பின்பாதியை மறைத்துவிட்டாள். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

தம்பி ஹமீது மளிகைக்கடையைப் பூட்டிவிட்டு வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். அவன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டான்.

"யக்கா, காலம் எப்படிக் கெடக்குன்னு தெரியாமத்தான் பேசுறியா? பள்ளிவாசல இடிச்சதுல இருந்து ஆறு மாசமா நாம எம்புட்டுப் பதனமா இருக்கோம்! முகமதுன்னு போட்டா மதுரைக்காரன் தொடுவானா? நமக்கென்ன கொம்பா மொளச்சிருக்கு? பேசாம வேற பேரு வையி."

"வைக்க மாட்டேன்."

"சரி, நபியோட பேரக் கவர் மேல போட்டா கிழிச்சுக் குப்பையில எறிவாகளே, அதாவது உறைக்குதா ஒனக்கு?"

"ஒன் கடைப் பையில என்னலே போட்டிருக்கு? 'முகமது ஹமீது மளிகை'ன்னுதான? அது எங்க போகுது, பொட்டிக்குள்ளயா?"

ஹமீது வாயை மூடிக்கொண்டான். நல்லவன்தான், பயந்தவன். பயந்தவன் வாயை மூடிக்கொண்டால்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று நூர்பானுவுக்கு அப்போது தோன்றவில்லை.

மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூர் போய், ரத வீதியில் அழகியமணவாளனின் அச்சாபீசில் 'ராஜா முகமது பேண்டேஜ்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். கோயில் உற்சவ நோட்டீஸும் கல்யாணப் பத்திரிகையும் அடிக்கிற அச்சாபீஸ் அது. லேபிளை வாங்கி ஒட்டி, சாயங்காலமே மதுரைக்கு லாரியில் சரக்கு ஏற்ற வேண்டிய நாளில் மறுபடி போனாள். அழகியமணவாளன் முகமெல்லாம் சிரிப்பாகக் கட்டைப் பிரித்துக் காட்டினார்.

லேபிளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பெரிய எழுத்தில் 'ரோஜா' என்று இருந்தது. அதன் கீழே நடுவில் பொடி எழுத்தில் 'பேண்டேஜ்.' கீழே வலது மூலையில் ஒரு ரோஜாப்பூ.

"என்ன சார் இது?"

"உங்க தம்பி வந்திருந்தாரேம்மா! ராஜாவுக்கு முன்னால ஒரு கொம்பு போட்டாப் போறும், யாருக்கும் சண்டை இல்லேன்னார். நீங்க சொல்லி அனுப்பினதாத்தான் சொன்னார். எனக்கும் நல்ல யோசனையாப் பட்டது. பூ பிளாக் பத்திரிகைக்காக வச்சிருந்தது, அதுக்குத் தனியா காசு வேண்டாம்."

ஹமீது அப்போது கையில் கிடைத்திருந்தால் நூர்பானு என்ன செய்திருப்பாளோ! ஒரு லேபிளை எடுத்துப் பார்த்தாள். உள்ளதைச் சொன்னால், செத்த நேரம் அவள் மனசும் அசையத்தான் செய்தது. ரோஜா அழகாகத்தான் இருந்தது. கிழவர் துணி கொடுப்பார். மதுரைக்காரர் கேள்வி கேட்க மாட்டார். எல்லோருக்கும் நல்ல பிள்ளையாக இருந்துவிடலாம். அத்தா மட்டும் அதில் எங்கேயும் இருக்க மாட்டார்.

லேபிளை மேஜையில் வைத்து, இடது ஓரத்தில் நின்ற அந்த இரட்டைக் கொம்பைக் கட்டைவிரலால் மறைத்தாள். மிச்சம் இருந்ததைப் படித்தாள்.

"சார், ஒங்க கட்டிங் மிஷின் ஓடுதா?"

"பேஷா ஓடறது. எதுக்கு?"

"இந்தக் கொம்ப வெட்டுங்க."

அவருக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவரும் விரலை வைத்து மறைத்துப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். "அடடா! கொம்பு போனா ராஜாதான்!" கட்டை அப்படியே மிஷினில் வைத்து, கோடு பார்த்து, கத்தியை இறக்கினார். வெட்டுண்ட கொம்புகள் எல்லாம் தரையில் சுருள் சுருளாக விழுந்தன. "எங்க கோயில் ரங்கமன்னாரும் ராஜாதான்மா, செங்கோலும் செருப்புமா நிக்கறார். இத்தனை ராஜா இருக்காளேன்னு அவர் ஒருநாளும் கோவிச்சுண்டதில்லை" என்றார்.

"அவர்ட்ட நான் துணி வாங்கல சார்" என்றாள் நூர்பானு. "இன்னொரு வேலை. முகமதுன்னு ஒரு ரப்பர் ஸ்டாம்பு வேணும். இப்பவே."

"இப்பவேயா?"

"வாங்கிட்டுத்தான் போவேன்."

வாங்கிக்கொண்டுதான் போனாள். அன்றைக்கு மத்தியானம் யூனிட்டில் மிஷின் ஓடவில்லை. அங்கே வேலை பார்க்கிற சுந்தரம்மாளும் மற்ற பெண்களும் வட்டமாக உட்கார்ந்து, ராஜாவுக்குக் கீழே பேண்டேஜுக்கு முன்னால் ஊதா மையில் முகமதுவைக் குத்தினார்கள். சில முகமது நேராக இருந்தது, சில கொஞ்சம் சாய்ந்து நின்றது.

"யக்கா, இந்த ரோஜாப்பூ எதுக்கு?" என்று கேட்டாள் சுந்தரம்மாள்.

"இருந்துட்டுப் போகுது. அத்தாவுக்குப் பூ புடிக்கும்."

ஹமீது வாசல் வரைக்கும் வந்து, பெண்களின் ஊதா விரல்களைப் பார்த்துவிட்டு, பெட்டிகளைத் தூக்கி லாரியில் ஏற்றினான். அவனைக் கேட்க வேண்டியதை நூர்பானு இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டாள்.

சௌந்தரபாண்டியன் போன் வந்தது. "என்னம்மா, ராஜாக்கள்னீங்களே?"

"ராஜாதான்னு சொன்னேங்க. எந்த ராஜான்னு சொல்லாதது என் தப்பு. இப்ப கவர்லயே சொல்லிட்டேன்."

"சரக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர். "அடுத்த தடவை பாதி அனுப்புங்க, போதும்."

ஹமீது பயந்தது பாதி நடந்துவிட்டது. நூர்பானு அதற்காக மூலையில் உட்காரவில்லை. பையில் பேண்டேஜை எடுத்துப் போட்டுக்கொண்டு சங்கரன்கோவில், தென்காசி என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினாள். "ராஜா முகமது பேண்டேஜ்" என்று அவள் சொல்லும்போது சிலர் முகம் சுருங்கியது. சிலர் துணியைத் தொட்டுப் பார்த்து ஆர்டர் கொடுத்தார்கள்.

மாசம் பிறந்தது. துணி வேண்டும். நூர்பானு ஒரு பேண்டேஜை எடுத்துக்கொண்டு நேரே வேங்கடபதி ராஜாவின் ஷெட்டுக்குப் போனாள். தறிகள் காதைப் பிளந்துகொண்டிருந்தன. கிழவர் கண்ணாடியை மாட்டி, எழுத்துக் கூட்டுகிறவரைப் போல மெதுவாகப் படித்தார். ஒட்ட வெட்டியிருந்த ஓரத்தைத் தடவினார்.

"இங்கன என்னமோ இருந்திருக்கே?"

"கொம்புங்கய்யா. வெட்டிட்டேன்."

"யாருக்கு மொளச்ச கொம்பு?"

"ராஜாவுக்கு."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து அடங்கியது. பேண்டேஜை மேஜை மேல் பேர் தெரியும்படி நிறுத்தி வைத்துவிட்டு, தறிகளுக்கு அந்தப்பக்கம் நின்ற மேஸ்திரியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மலைச்சாமி! ராஜாவுக்கு நாலு கட்டுத் துணி ஏத்துலே!"

"நம்ம வீட்டுக்கா மொதலாளி?"

"நமக்கு இல்லலே! ராஜா முகமதுக்கு!"

"யாருக்கு?" மலைச்சாமி காதில் கையை வைத்தான். தறிச் சத்தத்தில் விழவில்லை.

உரக்கப் பேசிப் பழக்கமில்லாத அந்தக் கிழவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஷெட் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார்: "நம்ம பிளீச்சிங்ல இருந்தாரேலே, ராஜா! ராஜா முகமது! அவருக்கு!"

நூர்பானுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"நாலு பத்தாதுங்கய்யா" என்றாள். "ஆறு ஏத்தச் சொல்லுங்க."