ஆத்தா போகவில்லை

கதவில் கட்டியிருந்த வேப்பிலையைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்தது. தம்பானூரில் லாட்ஜுகளுக்குப் பின்னால் என் தங்கை பிரேமாவின் வீடு. நான் இருக்கும் ஸ்ரீவராகத்திலிருந்து ஆட்டோவில் ஏறினால் வந்துவிடலாம். இருந்தும் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. கடைசியில் அவளே போன் பண்ணி, ஒரு தடவை வந்துவிட்டுப் போ அக்கா என்றாள். அறுபது தாண்டியவள், குரல் மட்டும் சின்னப் பிள்ளைக் குரலாக இருந்தது.

பஜ்ஜிக் கடை வைத்திருக்கும் அவள் புருஷன் லிங்கம் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அக்கி கண்டிருக்கிறதாம், எழுதியிருக்கிறாராம், வெளியாள் வரக்கூடாதாம். நான் என்ன வெளியாளா என்று கேட்டு, அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

பட்டப்பகலில் ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு பிரேமா உட்கார்ந்திருந்தாள். நெற்றியின் இடப்பக்கம் தொடங்கி மூக்கு நுனி வரை செங்காவி. அதில் ஒரு சிங்கம். பானை செய்கிற வேளார்தான் இப்படிச் சிங்கம் போட்டு அக்கி எழுத வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இந்த மலையாளத்து ஊரில் வேளாருக்கு எங்கே போவது? சங்கரன்கோவில் வேளாரை வீடியோ காலில் பிடித்து, அவர் சொல்லச் சொல்ல லிங்கமே தீட்டியிருக்கிறார். பஜ்ஜிக் கடைக்காரர் வரைந்த சிங்கம். அதன் வாய் சரியாக என் தங்கையின் கண்மேல் வந்து விழுந்திருந்தது. அவள் இமைக்கும்போதெல்லாம் அந்த வாய் திறந்து மூடியது.

"அவ போகலக்கா," என்றாள்.

"எவ?"

"ஆத்தா. நாம ரெண்டு பேரும் ஒரே பாயில கெடந்தோமே, அம்மா தண்ணி ஊத்தி அனுப்பி வச்சாளே. அவ போகவேயில்ல. இத்தன வருஷமும் எனக்குள்ளதான் இருந்திருக்கா."

சிறுவயதில் எங்கள் இருவருக்கும் சின்னம்மை கண்டது. அம்மா தாளிக்காமல் சமைத்தாள். கடைசியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, தெருமுனை வரை போய் ஆத்தாளை வழியனுப்பி, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தாள். அதோடு தொலைந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

கண் ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினேன். காவி தானாக உதிரும்வரை கழுவக்கூடாது கோமதி மதினி என்று லிங்கம் மல்லுக்கு நின்றார். கண் போய்விட்டால் உங்கள் சிங்கம் வந்து வழிகாட்டுமா என்றேன். மனிதர் ஆட்டோ பிடிக்கப் போனார்.

நர்ஸ் ஈரப்பஞ்சால் காவியைத் துடைத்தாள். அடியில் கொப்புளங்கள், மூக்கு நுனியிலும் இருந்தன. கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. மூக்கு நுனியைப் பார்த்ததுமே டாக்டர் ரெஷ்மாவின் முகம் மாறியது. அங்கே கொப்புளம் வந்தால் கண்ணுக்கு ஆபத்து என்று அர்த்தமாம். கண்ட மூன்று நாளைக்குள் மாத்திரை தொடங்கியிருந்தால் கண் தப்பியிருக்கலாமாம். அந்த அடையாளத்தைத்தான் ஒரு வாரமாகக் காவி மூடி வைத்திருந்தது. லிங்கம் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். எனக்கு அப்போதும் கோபம் தீரவில்லை.

"சின்னம்மை வைரஸ் எங்கயும் போவில்லா, அம்மா," என்றார் டாக்டர், மலையாளம் கலந்த தமிழில். "நரம்பில தன்னே உறங்கிக் கிடக்கும். வயசாகும்போ இதுபோல எழும்பும். சின்ன வயசில சின்னம்மை உங்களுக்கும் வந்திட்டுண்டோ?"

ஒரே பாய் என்றேன். சொல்லும்போதே முதுகு சில்லிட்டது. ஐம்பது தாண்டியவர்களுக்கு இதற்குத் தடுப்பூசி இருக்கிறதாம். சில மாத இடைவெளியில் இரண்டு ஊசி. போட்டுக்கொண்டால் அக்கி வரும் ஆபத்து வெகுவாகக் குறையுமாம். முதல் ஊசியைப் போட்டுக்கொண்டேன். கை வலித்தது, கொஞ்சம் காய்ச்சல் அடித்தது.

பிரேமாவின் இடது கண் தேறவில்லை. கருவிழிமேல் கஞ்சித் தண்ணீர் மாதிரி ஒரு வெள்ளை படிந்துவிட்டது. போன மாதம் பார்க்கப் போனபோது, நல்ல கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, அந்த வெள்ளைக் கண்ணால் என்னையே பார்த்தாள்.

"எல்லாம் புகையாத்தான் தெரியுது. உன்னப் பாத்தா மட்டும், முதுகுல ஒருத்தி படுத்திருக்கா. ஊசி போட்டுட்டியா?"

"ஒண்ணு போட்டாச்சு."

"அதான். நல்லா அசந்துட்டா." தலையைச் சாய்த்து இன்னும் உற்றுப் பார்த்தாள். "ரெண்டாவதையும் போட்டுரு அக்கா. அவளுக்கு ஒரு கண்ணு இன்னும் தொறந்திருக்கு."

பேய் பிசாசுக்குப் பயப்படுகிறவள் இல்லை நான். ஆனால் இரண்டாவது ஊசி போடுகிற வரைக்கும் மல்லாந்து படுக்கவில்லை.