ஒரே வரியில் வைத்த சோதனை

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, கொரட்டூர் ஏரிக்குப் பக்கத்தில் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடிக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் ஏற்றப்பட்டன. ஒவ்வொன்றும் இருபத்திரண்டு கிலோ.

வாங்கியவர் கோதண்டம். வயது அறுபத்தேழு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பேரிங் செய்யும் கம்பெனி ஒன்றில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ஹேமாவதி இறந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. மகள் லாவண்யா புனேயில் இருக்கிறார். பெட்டிகளை எங்கே வைக்கலாம் என்று கேட்க வீட்டில் ஆளில்லை. சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு அவரே இடம் பார்த்தார்.

ஹேமாவதியின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஓர் இசைத்தட்டு இருந்தது. ஆவடியில் அவர் படித்த பெண்கள் பள்ளி 1981இல் தன் வெள்ளி விழாவுக்காக வெளியிட்டது. எட்டு மாணவிகள், எட்டுப் பாட்டு. இரண்டாம் பக்கத்தின் மூன்றாவது பாட்டில் ஒரு வரியை மட்டும் ஹேமாவதி தனியாகப் பாடியிருந்தார். கல்யாணமான புதிதில் ஒருமுறை அதைச் சொல்லியிருக்கிறார். வீட்டில் தட்டு ஓட்டும் கருவி இருந்ததில்லை. கோதண்டமும் அதற்கு மேல் விசாரிக்கவில்லை. கைப்பேசி வீடியோக்களில் ஹேமாவதி மீன்காரரிடம் பேரம் பேசுகிறார், பேரனைத் திட்டுகிறார், சிரிக்கிறார். எதிலும் பாடவில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் அவர் பாடிக் கேட்டதாகக் கோதண்டத்துக்கு நினைவில்லை. அந்த ஒரு வரியைத் தெளிவாகக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தார்.

கருவியை ஜனவரியில் முத்தாபுதுப்பேட்டையில் வாங்கியிருந்தார். மைக்செட் தொழிலை விட்டுவிட்ட தங்கவேல் என்பவர் விற்றது. பந்தலில் நாலு பேர் நடந்தாலே ஊசி தாவும் என்பதால், ஊசி மாட்டிய தலையின் மேல் ஒரு பழைய ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டி ஓட்டுவது மைக்செட்காரர்களின் வழக்கம். தங்கவேலின் கருவியிலும் அது இருந்தது.

"காச மட்டும் எடுத்துறாத சார். முப்பது வருசம் இப்பிடிதான் ஓட்டிகினு இருந்தேன். ஒரு கல்யாணத்துல கூட தாவுனதில்ல."

முதல் நாள் அந்த வரி வந்தது. ஒன்பது விநாடி. குக்கர் ஆவிக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரு பெண் பாடுவது போல இருந்தது. கருவியோடு வந்த பழைய பெட்டிகள்தான் சரியில்லை என்று கோதண்டம் முடிவு செய்தார். பிப்ரவரியில் பெட்டி மாறியது. மார்ச்சில் ஆம்ப்ளிஃபயர். ஏப்ரலில் ஒயர்கள். எதை மாற்றினாலும் ஒரே சாம்பிளை வைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்பது கம்பெனியில் படித்த பாடம். அவர் வைத்த சாம்பிள் அந்த வரி. வால்யூமைக் கூட்டி, குறைத்து, பெட்டியை அரை அடி நகர்த்தி, ஒவ்வொரு முறையும் ஊசியைத் தூக்கி அதே இடத்தில் வைத்தார். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இரைச்சல்தான் இன்னும் பெரிதாகவும் துல்லியமாகவும் கேட்டது.

எப்படி இருந்தாலும் பரவாயில்லை, முதலில் போனிலாவது பதிவு செய்து அனுப்புங்கள் என்று லாவண்யா இரண்டு முறை சொன்னார். செட் சரியாகட்டும் என்று இவர் தள்ளிப்போட்டார்.

ஜூன் மாதம் கருவியையும் தட்டையும் ஆட்டோவில் வைத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனார். பழைய ரேடியோ, டேப் எல்லாம் பழுது பார்க்கும் உஸ்மான் கனியின் கடை அங்கே இருக்கிறது. அவர் ஐம்பது வயதுக்காரர். இதுவரை என்னென்ன மாற்றினார் என்பதைக் கோதண்டம் வரிசையாகச் சொல்ல, குறுக்கிடாமல் கேட்டார்.

"குழாயில கலங்கலா வந்தா குடத்த மாத்தி இன்னா புண்ணியம் அண்ணாத்தே? மொதல்ல ஊசி. அப்பால அது குந்தியிருக்குற கை. அப்பால மெஷினு. பொட்டி கடைசி. நீங்க கடைசியில இருந்து வந்துகினு கீறீங்க."

கட்டைவிரல் அளவுள்ள ஒரு தராசை ஊசிக்கு அடியில் வைத்தார். ஒன்பதரை கிராம் காட்டியது. நாணயத்தைப் பிய்த்தெடுத்தார். மூன்றரை. ஊசியைக் கழற்றி, பூதக்கண்ணாடியோடு கோதண்டத்திடம் நீட்டினார். முனை உளி போல ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. தேய்ந்த டூல், கடைசலுக்கு வைத்த ஜாபை என்ன செய்யும் என்று கோதண்டத்துக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டார்.

உஸ்மான் கனி புது ஊசி பொருத்தி, எடையை இரண்டு கிராமில் நிறுத்தி, தட்டைத் துடைத்து முதல் பக்கத்தைப் போட்டார். கடையின் சின்னப் பெட்டிகளில் எட்டுப் பெண்களும் பாடினார்கள். பாட்டு தொடங்கும் முன் ஒருத்தி மூச்சு இழுப்பது கூடக் கேட்டது. பிறகு இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு. தனி வரி வரவேண்டிய இடத்தில், தகரத்தில் மணலைத் தேய்ப்பது போன்ற சத்தம் ஒன்பது விநாடி வந்தது. அது முடிந்ததும் பாட்டு மறுபடி தெளிந்தது. அந்த இடத்தை மட்டும் மீண்டும் துடைத்துப் போட்டார். அதேதான்.

"இங்க மட்டும் எத்தினி வாட்டி போட்டீங்க?"

"நூறு இருக்கும் பாய். மேலயும் இருக்கும்."

"யாரு பாடுனது?"

"ஊட்ல."

உஸ்மான் கனி ஒலியைக் குறைத்தார். தட்டில் பாட்டு பதிந்திருக்கும் காடி அழிந்தால் அழிந்ததுதான், அதை ஊசி திருப்பித் தராது என்றார். டீ சொல்லி அனுப்பினார். இருவரும் குடித்தார்கள்.

பெரிய பெட்டிகளைக் கோதண்டம் ஆகஸ்டில் விற்றுவிட்டார். மேசையைப் பழைய இடத்துக்கு நகர்த்தினார். கருவி அதன் மேல் இருக்கிறது. மற்ற ஏழு பாட்டுகளும் தெளிவாகக் கேட்கின்றன. அவற்றில் எட்டுக் குரல்களும் தனித்தனியாக வருகின்றன. ஹேமாவதியின் குரல் எது என்று அவருக்குத் தெரியவில்லை.